ரோஸ்லர் ஜோடி சர்க்யூட் கிட்: வாங்கலாம், ஆனால் அந்த பிரீசெட்டை முதலில் மாற்றுங்கள்

ஆன்லைனில் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன், குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். ஒரே போர்டில் இரண்டு ரோஸ்லர் வகை சர்க்யூட் (ஒரே அலை திரும்ப வராமல் ஒழுங்கற்று ஆடிக்கொண்டே இருக்கும் கேயாஸ் சர்க்யூட்), சில ஆப்-ஆம்ப் ஐசிகள், ஆளுக்கொரு டயோடு, இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு பிரீசெட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பி மாற்றும் மின்தடை), அவ்வளவுதான். ப்ளஸ் மைனஸ் 12 வோல்ட் சப்ளை நம் பொறுப்பு.

கூட வரும் தாளில் இணைப்பைக் கூட்டினால் இரண்டும் ஒன்றாக ஓடும் என்று ஒரே வரி. கேயாஸ் சர்க்யூட்டுகளும் ஒத்து ஓடும் என்று இயற்பியலாளர்கள் பெக்கோராவும் கேரலும் 1990இல் எழுதிய பிறகு இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்த போர்டின் உண்மையான விசேஷம், இணைப்பைக் கூட்டும்போது இரண்டும் முழுசாக ஒன்றாவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது, அதைத் தாளில் மூச்சே விடவில்லை. 1997இல் ரோசன்ப்ளூம், பிகோவ்ஸ்கி, குர்ட்ஸ் மூவரும் இரண்டு ரோஸ்லர்களின் வேகத்தை 0.97க்கு மேலும் கீழும் 0.02 தள்ளி வைத்துக் கணக்குப் போட்டார்கள். இணைப்பின் வலிமை 0.036 வாக்கில் இரண்டும் சுற்றும் வேகம் மட்டும் ஒன்றாயிற்று, அலையின் உயரங்கள் இன்னும் அதனதன் இஷ்டத்துக்குத்தான். 0.14ஐத் தாண்டியதும் ஒன்றின் கேயாஸ் அலை இன்னொன்றில் கிட்டத்தட்ட அப்படியே வந்தது, ஆனால் சற்றுத் தாமதமாக. இணைப்பில் தாமதம் என்று எதையும் யாரும் வைக்கவில்லை, வேக வித்தியாசமே அதை உண்டாக்குகிறது.

அதனால்தான் கப்பாசிட்டரெல்லாம் மதிப்பு 10 சதவீதம் வரை விலகும் ரகம் என்று யாராவது குறைபட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அச்சு அசலாக ஒரே மாதிரி பாகம் போட்டால் தாமதமே வராது, நேராக முழு ஒத்திசைவுதான்.

ஸ்கோப்பை (அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) எக்ஸ்-ஒய்யில், அதாவது ஒரு சர்க்யூட் குறுக்கிலும் இன்னொன்று நெடுக்கிலும் வரும்படி வைத்தால் மூலைவிட்டத்தை ஒட்டி மெல்லிய பட்டை தெரியும். டேட்டாவை கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு சேனலை மட்டும் மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தால், ஒரு இடத்தில் பட்டை சட்டென்று கோடாக ஒடுங்கும். என் போர்டில் அலையின் ஒரு சுற்று 1 மில்லிசெகண்ட் என்றால் அந்த நகர்த்தல் 30 மைக்ரோசெகண்ட் சுமார். இந்தத் தாமத ஒத்திசைவு தொடங்கும் எல்லைக்குப் பக்கத்தில் இன்னும் ஜோர்: கொஞ்ச நேரம் கோடாக நிற்கும், திடீரென்று சிதறும், பிறகு தானே திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். இதைப் பார்க்க மட்டுமே கொடுத்த காசு தகும்.

இப்போது குறை. ஒரே சுற்றில் முடிந்துவிடும் மலிவு பிரீசெட்டைப் போட்டிருக்கிறார்கள், ஸ்க்ரூடிரைவர் பட்டாலே நாம் தேடும் இடத்தைத் தாண்டிவிடும். மல்டிடர்ன் பிரீசெட் வாங்கி மாட்டலாம் என்றால் துளைகளின் இடைவெளி பொருந்தவில்லை, காலை வளைத்து சால்டர் செய்ய வேண்டியதாயிற்று. கடைக்கு எழுதினேன், பதில் இல்லை.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முரளி, லட்சுமணன் இருவரும் லியோன் சுவாவுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட கேயாஸ் சர்க்யூட்டை இதற்குப் பதில் கட்டலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தாராளமாகக் கட்டலாம், பாகங்களும் குறைவு, ஆனால் அதற்கு வெளியிலிருந்து சைன் அலை கொடுக்க ஜெனரேட்டர் வேண்டும். இந்த கிட் தானே ஓடும்.

அப்புறம், ஸ்கோப் இல்லாமல் சவுண்ட் கார்டை வைத்துச் சமாளிக்க நினைப்பவர்களுக்கு: 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 21 மைக்ரோசெகண்ட். படம் பார்க்க ஆகும், 30 மைக்ரோ தாமதத்தை அளக்க வெறும் புள்ளிகளை நகர்த்தினால் போதாது, புள்ளிகளுக்கு நடுவே வரும் மதிப்பையும் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு நிரப்ப வேண்டும்.