காஸாகோரும் ஒரு விநாடியும்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

மடிக்கணினியைத் திருத்தணியில் பழுதுபார்த்து நகரிக்குக் கொண்டுவந்த அன்று மாலையே, புத்தூரில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், நீங்கள் காஸாகோரை மூலநிரலிலிருந்துதானே நிறுவியிருக்கிறீர்கள்? நானும் அப்படியே செய்யட்டுமா, இல்லை உபுண்டு ஆயத்தமாகத் தருகிற பொதியே போதுமா?" என்று கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருக்கக்கூடும் என்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

ரேடியோ வானியல் தரவோடு பழகியவர்களுக்குக் காஸாகோரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு, ரேடியோ தொலைநோக்கித் தரவைச் சேமிக்கவும் கணக்கிடவும் உதவும் நிரலகம் அது என்று சொன்னால் போதும். நிறுவுவதும் பலர் அஞ்சுகிற அளவுக்குக் கடினமானதல்ல. சிமேக், ஜிஃபோர்ட்ரான், ஃப்ளெக்ஸ், பைசன், சிஃபிட்ஸ்ஐஓ, டபிள்யூசிஎஸ்லிப், எஃப்எஃப்டிடபிள்யூ, லேபேக் ஆகிய துணை நிரல்களை உபுண்டுவின் பொதிகளாகவே முதலில் ஏற்றிக்கொண்டால், பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். 4 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள கணினியில் நான்கு கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யச் (மூலநிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றச்) சொல்லாதீர்கள். நினைவகம் போதாமல் இயங்குதளமே கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் 'கில்டு' என்ற சொல்லைத் தவிர வேறு விளக்கம் வராது. நிரலில்தான் பிழை என்று நினைத்து நான் ஒரு நாள் முழுவதும் தேடினேன்; இரண்டிரண்டு கோப்புகளாகக் குறைத்ததும் ஒழுங்காக ஓடியது.

எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓடுகின்றன. மின்சாரம் போனால் தறிச்சத்தம் நிற்கும். பேட்டரி செத்துப்போன என் மடிக்கணினியும் அதே நொடியில் அணையும். முதல் முறை கம்பைல் செய்தபோது மூன்று தடவை இப்படி நடந்தது. கம்பைல் வேலையை நடத்தும் மேக் கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் மூன்றாவது மின்வெட்டுக்குப் பிறகு, எல்லாம் முடிந்து, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில், அத்துண்டுகளில் ஒன்றான ஓர் ஆப்ஜெக்ட் கோப்பின் வடிவம் அடையாளம் தெரியவில்லை என்று வேலை நின்றது. அந்தக் கோப்பின் அளவைப் பார்த்தேன்: 0 பைட். மின்சாரம் போன நொடியில் பெயர் மட்டும் வட்டில் பதிவாகி, உள்ளடக்கம் போய்ச் சேரவில்லை. மேக் பார்ப்பது கோப்புகளின் நேரத்தை மட்டுமே. மூலக்கோப்பைவிட ஆப்ஜெக்ட் கோப்பு புதியதாக இருந்தால் அந்த வேலை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுமே தவிர, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று திறந்து பார்க்காது. அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

இவையெல்லாம் ஒரு முறை பட்டுத் தீர்ந்த தொல்லைகள். நான்கு ஆண்டுகளாகத் தீராதது வேறொன்று. மூலநிரலை இறக்கி எவ்வளவு கவனமாக நிறுவினாலும், நேரத்தையும் திசையையும் கணக்கிடத் தேவையான அட்டவணைகள் அதனோடு வருவதில்லை. நெதர்லாந்தின் ஆஸ்ட்ரான் நிறுவனம் தரும் மெஷர்ஸ் தொகுப்பைத் தனியாக இறக்கி, அதற்குரிய அடைவில் விரித்து, அந்த அடைவு எது என்று, கம்பைலுக்கு ஏற்பாடு செய்யும் சிமேக்கிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதையும் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தால், சில மாதங்கள் கழித்து, லீப் விநாடி (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் சேர்க்கும் கூடுதல் விநாடி) அட்டவணை பழையதாகத் தெரிகிறது என்றும், அதைப் புதுப்பிக்கும்வரை யூடிசி என்னும் உலகப் பொது நேரத்திலிருந்து கணக்கிடும் நேரமும் ஆயங்களும் ஒரு விநாடியோ அதற்கு மேலோ பிழைபடலாம் என்றும் ஒரு கடும் எச்சரிக்கை வருகிறது. ஒரு நிரலை ஐம்பது முறை ஓட்டினால் ஐம்பது முறையும் வருகிறது. தங்கள் கணக்கு முழுவதும் தவறோ என்று மாணவர்கள் பதறிப்போய் அந்த வரியைக் காட்டிக் கேட்கிறார்கள்.

என் கோபத்துக்குக் காரணம் உண்டு. 1972 முதல் 27 லீப் விநாடிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கடைசியானது 2016 டிசம்பர் 31-ஆம் நாளின் முடிவில், அதாவது நம் நேரப்படி 2017 ஜனவரி 1 காலை ஐந்தரை மணிக்குச் சேர்ந்தது. அணு நேரத்துக்கும் யூடிசிக்கும் உள்ள வேறுபாடு அன்று 37 விநாடியானது. இன்றும் அதே 37தான். ஆகவே நான் ஒவ்வொரு முறையும், மெதுவாக ஊரும் இணைப்பில் காத்திருந்து இறக்குகிற லீப் விநாடி அட்டவணையில் ஒரு வரிகூடப் புதிதாக இருப்பதில்லை. மாறியிருப்பது அதன் தேதி மட்டுமே.

இதை உறுதியாகச் சொல்ல முடிவதற்கு, மூலநிரல் என் கையில் இருந்ததே காரணம். எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று தேடி, அட்டவணையின் தேதியைக் கணினியின் இன்றைய தேதியோடு ஒப்பிடும் இடத்தைக் கண்டுபிடித்தேன். அதன் அருமை சென்ற மாதம்தான் முழுதாக விளங்கியது. திடீரென ஒரு நாள் எச்சரிக்கை மறைந்துவிட்டது. நான் எதையும் புதுப்பித்திருக்கவில்லை. மகிழ்ச்சியடைவதற்குப் பதிலாக எனக்கு ஐயம் வந்தது. எந்த அடைவிலிருந்து அட்டவணை படிக்கப்படுகிறது என்று அச்சிடும்படி மூலநிரலில் ஒரு வரி சேர்த்து மேக் ஓட்டினால், நான் திருத்திய கோப்பை அது கண்டுகொள்ளவே இல்லை. ஏற்கெனவே கம்பைல் ஆன கோப்புகள் எதிர்காலத்தில் திருத்தப்பட்டவை என்றும், கடிகாரம் பிசகியிருக்கிறது என்றும் வரிசையாகச் சொன்னது. அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். அது பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது.

தாய்ப்பலகையில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது. அதைத்தான் திருத்தணியில் மாற்றி வந்தேன். அதே கணினியில் உள்ள விண்டோஸோடு நேரம் முட்டிக்கொள்கிறது என்று, இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதியை முன்பே நான் நிறுத்தி வைத்திருந்ததால், கணினிக்குத் தன் பிழையை உணர வழியில்லாமல் போயிற்று. கணினி பழைய ஆண்டில் நின்றுகொண்டிருந்தபோது, அட்டவணை அதற்குப் புத்தம் புதியதாகத் தெரிந்தது. ஆகவே காஸாகோர் அமைதியாக இருந்தது. நான்கு ஆண்டுகள் என்னை எரிச்சலூட்டிய அந்த வரி வராமல் போனதால்தான் கடிகாரம் கெட்டது எனக்குத் தெரியவந்தது. புதிய பேட்டரி போட்டு, நேரத்தைத் திருத்தி, முதல் நிரலை ஓட்டியதும் எச்சரிக்கை திரும்பி வந்தது. அன்று அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நியாயமாகவும் பேச வேண்டும். லீப் விநாடி சேரவில்லை என்பது எனக்குத் தெரியும்; பழைய அட்டவணையை வைத்திருக்கும் நிரலகத்துக்கு எப்படித் தெரியும்? பூமி சுழலும் வேகம் நாளுக்கு நாள் சிறிது மாறுவதால், அந்தச் சுழற்சியை ஒட்டிய யூடி1 நேரத்துக்கும் யூடிசிக்கும் இடைப்பட்ட வேறுபாட்டைத் தரும் இன்னொரு அட்டவணையும் அதே தொகுப்பில் இருக்கிறது. அந்த எண்கள் உண்மையிலேயே மாறுகின்றன. நேரத்தில் ஒரு விநாடி பிசகினால் வானத்தில் 15 ஆர்க் செகண்ட் (ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கே ஓர் ஆர்க் செகண்ட்) வரை இடம் தவறும். புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் 610 மெகாஹெர்ட்ஸ் படத்தில், புள்ளியளவான ஒரு ரேடியோ மூலம் அங்கே அது தெரியும் அகலத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தள்ளி நிற்கும். ஆகவே புதுப்பிக்கச் சொல்வது சரிதான். எந்த அட்டவணை பழையதானால் எவ்வளவு பிழை வரும் என்று தெளிவாகச் சொல்லாமல், எல்லாவற்றுக்கும் ஒரே அதட்டலாக அதட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. லீப் விநாடியே 2035-க்குள் வழக்கொழியும் என்று 2022-இல் முடிவாகிவிட்டது; அதுவரை இந்த வரியோடுதான் வாழ வேண்டும்.

காஸாகோர் அட்டவணைகளில் தேட உதவும் வினவல் மொழியான டாக்யூஎல் பற்றிச் சொல்லாமல் விட்டால் தவறு. 30 ஆன்டெனாக்கள், 435 ஆன்டெனா இணைகள் கொண்ட ஜிஎம்ஆர்டி தரவில், கோளாறான ஓர் ஆன்டெனா சேர்ந்த வரிசைகளை மட்டும் ஒரே வரிக் கட்டளையில் பிரித்தெடுத்துக் காட்டுவதற்கு இணையான வசதி நான் பயன்படுத்திய வேறெதிலும் இல்லை. ஆனால் அது உபுண்டுவின் பொதியிலும் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், தொலைபேசியில் கேட்ட உங்களுக்கு என் பதில், மூலநிரலிலிருந்து நிறுவ வேண்டாம் என்பதுதான். உங்கள் ஆய்வேட்டுக்கு இன்னும் ஐந்து மாதங்களே இருக்கின்றன, பொதியையே போட்டுக்கொள்ளுங்கள். என் கணினியில் இருப்பதை நான் நீக்கப்போவதில்லை. ஆனால் சென்ற வாரம் முழுவதையும் கடிகாரத்துக்கும் கம்பைலுக்கும் கொடுத்துவிட்டு, இன்னொருவரை அதற்குள் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிய மெஷர்ஸ் தொகுப்பை இறக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பென்டிரைவில் தருகிறேன். அதற்கு முன் உங்கள் கணினியை ஒரு முறை இணையம் இல்லாமல் முழுவதும் அணைத்து, மின்கம்பியைக் கழற்றி வைத்து, மறுநாள் காலையில் போட்டுத் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.