கடலோரக் காரில் ஆடியோ: சில மழைக்காலங்களுக்குப் பின்

புதுச்சேரி–கடலூர் சாலையில் தினம் ஓடும் காருக்கு ஆடியோ மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஸ்பீக்கர் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். செலவைத் தொடங்கவேண்டிய இடம் கதவு. முன்கதவில் 6.5 இன்ச் காம்பொனென்ட் ஸ்பீக்கர் (கீச்சு ஒலிக்கான ட்வீட்டர் தனியாக வரும் வகை), ஒலியைப் பெருக்கும் நான்கு சேனல் ஆம்ப், சீட்டுக்கு அடியில் பேஸுக்கென்றே 8 இன்ச் சப்-ஊஃபர். இந்தச் சாதாரண அமைப்பு சில மழைக்காலங்களைத் தாண்டியும் நன்றாகப் பாடுகிறது என்றால் அதற்குக் காரணம் பிராண்டு அல்ல.

கதவின் வெளித்தகட்டில் அதிர்வை அடக்கும் 2 மி.மீ. பியூட்டைல் (ரப்பர்) ஷீட் ஒட்டவேண்டும். தகட்டில் மூன்றில் ஒரு பங்கு மூடினால் போதும், ஆனால் ரோலரால் அழுத்தித் தேய்க்காவிட்டால் பயனில்லை. உள்தகட்டின் ஓட்டைகளை மட்டும் இடைவெளியின்றி அடைக்கவேண்டும். ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் அந்த ஓட்டை வழியே கலந்தால் பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிருதங்கத்தில் தொப்பி காணாமல் போய் வலந்தலை மட்டும் கேட்பது இதனால்தான். இரண்டு கதவுக்கும் சுமார் 20 சதுர அடி பிடிக்கும். மலிவென்று தார் ஷீட் ஒட்டினால் அக்னி நட்சத்திரத்தில் இளகி வழியும், வாடை வேறு.

கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மறைத்துவிட்டால் ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கித் துருப்பிடிக்கும். ஸ்பீக்கரைக் கதவில் பொருத்தும் ரிங்கும் எம்.டி.எஃப். (மரத்தூள் அழுத்திய) பலகையில் வேண்டாம். ஈரம் குடித்து உப்பி, ஸ்க்ரூ பிடிமானம் போய்விடும். பிளாஸ்டிக் ரிங்தான் நிலைக்கிறது.

இந்த ஊரில் ஆடியோவைக் கெடுப்பது பெரும்பாலும் உப்புக்காற்று. ஆம்ப்பின் எர்த் வயரைப் பெயிண்டின் மேலேயே முடுக்கிவிட்டுப் போகிறார்கள். சில மாதங்களில் அந்த இடம் துருவேறி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'வீ...' என்ற சத்தம் ஏறும். உடனே ஆம்ப் போச்சு என்று தீர்ப்பு! உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து வெறும் இரும்பு தெரியவைத்து, வயரை அரை மீட்டருக்குள் முடித்து, போல்ட்டை இறுக்கியபின் மேலே வாசலின் பூசுங்கள். மழைக்கு முன்பும் பின்பும் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. வயர் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் இங்கே சீக்கிரம் பொடிகிறது. சேனலுக்கு 50 வாட் தரும் நான்கு சேனல் ஆம்ப்புக்கு 8 கேஜ் வயரும் 40 ஆம்பியர் ஃப்யூஸும் சரி. ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் இருக்கவேண்டும், இல்லையென்றால் வழியில் வயர் உரசி ஷார்ட் ஆனால் அது காப்பாற்றாது.

ஆம்ப்பில் உள்ள கெயின் திருகை (உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்பைப் பொருத்துவது) வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பினால் ட்வீட்டர் கருகும். ஸ்பீக்கரைக் கழற்றி, ஹெட் யூனிட்டை (டேஷ்போர்டில் உள்ள பிளேயர்) முக்கால் வால்யூமில் வைத்து, 1,000 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, கெயினை மெல்ல ஏற்றியபடி ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் அளக்கவும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் என்றால் 14 வோல்ட். அங்கே நிறுத்திவிடுங்கள்.

நம் வண்டிகளில் டிரைவர் வலப்பக்கம் என்பதால் பாடகர் வலது கதவுக்குள் உட்கார்ந்து பாடுவார். டைம் அலைன்மென்ட் (ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் தனித்தனியே தாமதப்படுத்தும் வசதி) உள்ள ஹெட் யூனிட் இதைச் சரிசெய்யும். ஒலி 1 மில்லி செகண்டில் ஏறத்தாழ 34 செ.மீ. போகிறது, இடது ஸ்பீக்கர் 68 செ.மீ. கூடுதல் தொலைவில் இருந்தால் வலதுக்கு 2 மில்லி செகண்ட் தாமதம் கொடுக்கவேண்டும். அதிகச் செலவில்லாமல் கிடைக்கும் பெரிய மாற்றம் இதுதான்.

புளூடூத்தா, பென்டிரைவில் ஃப்ளாக்கா (தரம் குறையாத ஆடியோ ஃபைல்) என்ற சண்டை நிறுத்திய வண்டிக்குத்தான் பொருந்தும். 80 கி.மீ. வேகத்தில் டயர் இரைச்சல் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். 128 கேபிபிஎஸ் எம்.பி.3 மட்டும் எந்த வேகத்திலும் மாட்டிக்கொள்ளும், ஜால்ரா ஒலி குழைந்துபோய்க் கேட்கும்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் சப், தவிலுக்கு எடை கொடுக்கும். கார் அதிர வேண்டுமென்பவர்களுக்கு இது பத்தாது. சப்புக்கு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்குக் கீழுள்ள ஒலி மட்டும் போகும்), கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80 (அதற்கு மேலுள்ளது மட்டும்). சப்பின் ஃபேஸ் பட்டனை (அதன் ஒலியலையைத் தலைகீழாக்குவது) 0, 180 இரண்டிலும் மாற்றிப் போட்டு, டிரைவர் சீட்டில் எதில் பேஸ் கனமாகக் கேட்கிறதோ அதிலேயே விட்டுவிடலாம்.