மாதக் கூட்டத்துக்கு யாரைப் பேச அழைப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ்க் குழு அடுத்த ஆண்டுக் கூட்டங்களுக்கு மூன்று யோசனைகளை வைத்துக்கொண்டு பேசி வருகிறது. மாதம் ஒரு புது விஷயம், புதுப் பேச்சாளர் என்று நடத்தலாம். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் இங்கே வந்த வரலாற்றை ஆறு மாதத் தொடராக எடுக்கலாம். இல்லையென்றால் நம் பெரியவர்களையே பேச வைக்கலாம்.

முதலாவதற்குக் கூட்டம் சேரும். சர்க்கரை நோய், உயில், வீட்டுத் தோட்டம் என்றால் மண்டபப் பக்கமே வராதவர்களும் வருவார்கள். ஆனால் மறுமாதம் அவர்களைப் பார்க்க முடியாது. டாக்டரும் வக்கீலும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள்; பாதிப் பேருக்கு அதுதான் வசதி என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வரலாற்றுத் தொடரில்தான் ஆழம் இருக்கிறது. 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்ததும், 1911-க்குள் 1,52,184 பேர் வந்ததும் மேடைதோறும் கேட்டவைதான். தன் குடும்பத்தில் முதலில் வந்தவர் எந்த ஊர், எந்தத் தாலுக்கா, அவருடைய தகப்பன் பெயர் என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. இதெல்லாம் கப்பல் பட்டியலில் எண்ணோடு இருக்கிறது. எப்படித் தேடுவது என்று உட்கார்ந்து காட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் மேல் 1895-ல் சட்டமான 3 பவுன் வரியை விளக்கிவிட்டுத்தான், அதை எதிர்த்து இந்தியத் தொழிலாளர் நடத்திய 1913 வேலைநிறுத்தத்துக்கு வர முடியும். அதற்குப் பிறகுதான் 16 வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மை ஏன் சிறைக்குப் போனாள் என்பது பிள்ளைகளுக்குப் புரியும். குறை ஒன்றுதான்: நடுவில் இரண்டு மாதம் தவறவிட்டவர் மறுபடி வரத் தயங்குவார்.

மூன்றாவதுதான் எனக்கு அவசரமாகப் படுகிறது. மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பைக் காலி செய்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது 1960-களில். அந்த வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. அங்கே தண்ணீர் எப்படிப் பிடித்தார்கள், மாரியம்மனுக்குக் கூழ் யார் காய்ச்சினார்கள், சாமான்களை எதில் ஏற்றி வந்தார்கள் என்பதை அவர்கள் வாயால்தான் கேட்க முடியும். மைக் கொடுத்து மேடையில் நிறுத்தினால் கூச்சப்படுவார்கள். இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைத்து, தெரிந்த ஒருவர் கேள்வி கேட்டால் பேச்சு தானாக வரும். எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும், அதில் சமரசம் கூடாது.

என் ஓட்டு இப்படி: ஆண்டின் முதல் பாதி பெரியவர்களுக்கு, நடுவில் ஒரு டாக்டர். பிற்பாதியில் வரலாற்றுத் தொடர், அதையும் நான்கு கூட்டங்களாகச் சுருக்கி. கடைசி இரண்டு மாதம் இளையவர்கள் கேட்கும் விஷயத்துக்கு.

ஜனவரியில் முதல் நாற்காலி மேகசின் பேரக்ஸில் பிறந்த ஓர் ஆயாவுக்கு. அவர் தமிழிலேயே பேசட்டும். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லட்டும்.