கற்பிட்டியா, நிலாவெளியா? கயாக், ஸ்நோர்க்கலிங், கூடாரம்: கொழும்பிலிருந்து ஓர் அலசல்

கயாக் ஓட்ட வேண்டும், மூச்சுக்குழாய் மாட்டி நீந்தி (அதுதான் ஸ்நோர்க்கலிங்) முருகைக்கல், அதாவது பவளப்பாறை, பார்க்க வேண்டும், இரவு கடற்கரையில் கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும். மூன்றையும் ஒரே பயணத்தில் கேட்கிற கொழும்புக்காரருக்கு நான் இரண்டு இடங்களைத்தான் சொல்வேன்: மேற்குக் கரையில் கற்பிட்டி, கிழக்குக் கரையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளி. ஹிக்கடுவை கிட்டத்தான், ரயிலிலேயே போய்விடலாம், கரையோரமே ஆமை பார்க்கலாம். ஆனால் அடியில் கண்ணாடி பதித்த சுற்றுலாப் படகுகள் ஓடுகிற இடத்தில் பிள்ளைகளை நீந்தவிட எனக்கு மனம் வராது. கூடாரம் போட அமைதியான கரையும் அங்கே இல்லை.

முதலில் மாதத்தைப் பாருங்கள். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மே முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிக்கும், அப்போது கிழக்கு அமைதி. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வந்தால் கதை மாறிவிடும். ஆகவே ஆகஸ்ட் விடுமுறைக்கு நிலாவெளி, ஜனவரி, பெப்ரவரிக்குக் கற்பிட்டி. இரண்டுக்கும் நேரடிப் போட்டி ஏப்ரலில்தான்.

கயாக் என்றால் என் வாக்கு கற்பிட்டிக்கே. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கடலோடு சேர்ந்த உப்புநீர் ஏரியான புத்தளம் களப்பு. களப்பில் அலை குறைவு, கண்டல் மரங்களுக்கு இடையே துடுப்பு வலித்துப் போகலாம், புதிதாகப் பழகுகிறவருக்குப் பயம் தெளியும். காற்று அடித்தாலும் ஏதோ ஒரு கரையில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். நிலாவெளியில் அப்படியில்லை. ஆடி, ஆவணியில் கச்சான் எனும் மேல்காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும், ஆனால் அதே காற்று கயாக்கை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். அமைதியான தண்ணீரைப் பார்த்து ஏமாறக் கூடாது. பின்னால் இயந்திரப் படகு வராத பயணத்தை அங்கே ஒத்துக்கொள்ளவே வேண்டாம்.

தண்ணீருக்குள் பார்ப்பதற்கோ நிலாவெளிதான். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவானது. 1998இல் கடல் சூடேறி மேற்கிலும் தெற்கிலும் முருகைக்கல் வெளிறிச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் தப்பியது. செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்களை ஆழமில்லாத நீரிலேயே காணலாம், அவை ஆளைச் சீண்டுவதில்லை. விடுமுறை நாளில் கூட்டம் அதிகம், முருகைக்கல்லை மிதிக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரியும். காலையில் முதல் படகில் போய்விடுங்கள். நுழைவுச்சீட்டுக்கும் படகுக்கும் தனித்தனியே பணம். கற்பிட்டியின் பார் ரீஃப் எனும் முருகைக்கல் திட்டு பரப்பில் மிகப் பெரியது, ஆனால் கரையிலிருந்து தூரம், படகில்தான் போக வேண்டும். 2016 வெளிறலில் அது பலமாக அடிபட்டது. பழைய படங்களை நம்பிப் போகாதீர்கள்.

கூடாரம்: புறாத்தீவில் இரவு தங்க முடியாது, நிலாவெளிக் கரையில் ஏதாவது விடுதியின் காணியில்தான் போடலாம். கற்பிட்டியில் கூடாரத் தங்குமிடங்கள் நிறைய. மார்ச்சில் தலவில தேவாலயத் திருவிழா நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், வீதி நிரம்பிவிடும்.

கற்பிட்டி ஏறத்தாழ 170 கிலோமீட்டர், வெள்ளி பின்னேரம் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். திருகோணமலை 260க்கு மேல், அப்புறம் நிலாவெளி. இரண்டு இரவாவது இல்லாமல் போவது வீண். இரண்டு இடத்திலும் தமிழ் பேசும் படகோட்டிகள் கிடைப்பார்கள். ஆபத்து நேரத்தில் சொல்வது பிள்ளைகளுக்கு உடனே விளங்க வேண்டும் அல்லவா?

ஏப்ரலில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு போனால் கற்பிட்டியைப் பிடியுங்கள். எல்லோருக்கும் நீந்தத் தெரியுமானால் நிலாவெளி. எதுவானாலும் முற்பணம் கட்டுமுன் வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி: பிள்ளைகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? காற்று எழும்பினால் பயணத்தை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தருவீர்களா?