மோட்டார் ஹோம் சாமான் அறைக் கதவு சிக்கிக்கொண்டால்: இழுப்பதற்கு முன் அழுத்துங்கள்

மோட்டார் ஹோம், அதாவது தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி, வைத்திருப்பவர்கள் எஞ்சின், பேட்டரி, தண்ணீர் பம்ப் பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறோம். வண்டியின் கீழ்ப்பக்கம் வரிசையாக இருக்கும் சாமான் அறைக் கதவுகள் யார் பேச்சிலும் வருவதில்லை. கழிவுநீர்க் குழாய், கரண்ட் கேபிள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கொட்டும் மழையில் அந்தக் கதவு திறக்க மறுத்தால் இறங்கிய இடத்தில் ஒரு வேலையும் நடக்காது. பல வருடங்களாக ஒரே வண்டியின் கதவுகளை நானே பராமரித்து வருகிறேன். எது கைகொடுத்தது, எது நிலைக்கவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதவு திறக்கவில்லை என்றால் கைப்பிடியை இன்னும் பலமாக இழுக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் அமுங்கிய நிலையில் கதவை எப்போதும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தம் முழுவதையும் லாட்சின், அதாவது கதவைப் பிடித்து வைக்கும் தாழ்ப்பாளின், நாக்குதான் தாங்குகிறது. அதோடு தூசியும் துருவும் சேர்ந்தால் நாக்கு இறுகிவிடும். லாட்ச் இருக்கும் இடத்துக்கு நேராக ஒரு உள்ளங்கையை வைத்துக் கதவை உள்ளே அழுத்திக்கொண்டு, மறு கையால் கைப்பிடியை மெதுவாக இழுங்கள். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலேயே தீர்ந்துவிட்டன. அகலமான கதவாக இருந்தால் இன்னொருவர் மறு ஓரத்தை அழுத்திப் பிடிப்பது நல்லது.

அகலக் கதவுகளில் ஒரே கைப்பிடி, இரண்டு ஓரங்களிலும் லாட்ச். நடுவில் கம்பியோ கேபிளோ ஓடும். இழுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் இம்மி வெளியே வந்து, மறுபக்கம் அசையாமல் நின்றால் கோளாறு அந்த அசையாத பக்கத்தில்தான். பெரும்பாலும் கம்பியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும், அல்லது கேபிள் தளர்ந்திருக்கும். வண்டியின் இரு பக்கமும் திறக்கும் அறையாக இருந்தால் எதிர்ப்பக்கக் கதவு வழியாக டார்ச்சோடு உள்ளே போய், லாட்சின் நெம்புகோலை நீளமான ஸ்க்ரூடிரைவரால் தள்ளிவிடலாம். அந்த வழி இல்லையென்றால் பிளாஸ்டிக் ஆப்பு மட்டுமே பயன்படுத்துங்கள். கடப்பாரை வைத்து நெம்பினால் அலுமினிய விளிம்பு வளைந்துவிடும், பெயின்ட் பெயர்ந்துவிடும், அதன்பின் மழைநீர் உள்ளே வரும்.

சாவி சுற்றுகிறது, கதவு திறக்கவில்லை என்றால் கதை வேறு. பெரும்பாலும் பூட்டின் பின்னால் இருக்கும் நட் கழன்று, சாவியோடு திரும்ப வேண்டிய தகடு திரும்பாமல் நிற்கிறது. கடைசி வழியாகப் பூட்டை டிரில் செய்து எடுத்துவிடலாம், விலை குறைந்த பாகம்தான். மாற்றும்போது வேறு சாவி எண் உள்ளதாக வாங்குங்கள். ஏராளமான வண்டிகளின் சாமான் அறைகளுக்கு சி.எச்.751 என்ற ஒரே சாவிதான் வருகிறது. அடுத்த வண்டிக்காரரின் சாவி உங்கள் கதவையும் திறக்கும்.

பூட்டிலும் லாட்சிலும் ஒரு குறையும் இல்லாமலே கதவு சிக்குவதும் உண்டு. மேடுபள்ளமான தரையில் ஜாக் போட்டு வண்டியைத் தூக்கும்போது வண்டியின் அடிச்சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும், கதவு அதன் நிலைச்சட்டத்துக்குள் இறுகும். ஜாக்கை இறக்கியதும் திறந்தால் காரணம் அதுதான். நான் இப்போதெல்லாம் தேவையான சாமான்களை எடுத்து வெளியே வைத்த பிறகே ஜாக் போடுகிறேன்.

இனி எண்ணெய் விஷயம். துரு இளக்கும் ஸ்ப்ரே அன்றைக்கு அற்புதமாக வேலை செய்யும். ஆனால் அது சீக்கிரம் உலர்ந்துவிடும், லாட்ச் பழையபடி முரண்டு பிடிக்கும். அதை அழுக்கை இளக்கும் திரவமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு, லாட்சின் ஸ்பிரிங்கிலும் சுழலும் இடத்திலும் வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமாகத் தடவினால் நீண்ட நாள் தாங்குகிறது. சாவித் துவாரத்துக்கு கிராஃபைட் தூள். அதோடு எண்ணெய் சேர்த்தால் சேறாகிவிடும், இரண்டில் ஒன்றுதான். ரப்பர் பீடிங்குக்கு சிலிக்கான் தவிர வேறெதுவும் வேண்டாம். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பீடிங்குக்குப் பயன்படும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் ஊதிப் பருத்துவிடும், கதவை முன்பைவிட அதிகமாக வெளியே தள்ளும். பீடிங்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சிலிக்கான் தடவினால் வெயிலில் ஒட்டிக்கொள்வதும் பனியில் உறைந்து பிடித்துக்கொள்வதும் குறைகின்றன.

பல மாதப் பலன் தந்த வேலை ஸ்ட்ரைக்கரைச் சரிசெய்ததுதான். லாட்ச் கவ்விப் பிடிக்கும் அந்த போல்ட்டை உற்றுப் பாருங்கள். தேய்ந்து பளபளக்கும் கோடு நடுவில் இல்லாமல் ஒரு விளிம்பில் மட்டும் இருந்தால் கதவு தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் கீல் திருகுகளை இறுக்குங்கள். பிறகு போல்ட்டின் நட்டை, தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, கதவை மெல்லச் சாத்துங்கள். லாட்சே போல்ட்டைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். திறந்து, இறுக்கிவிடுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள்: எல்லாப் பக்கமும் ஒரே அளவு இறுக்கத்தோடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் தண்ணீர் புகும், கிழிந்துபோகும் இடத்தில் லாட்ச் திணறும்.

திறந்த கதவைத் தாங்கி நிறுத்தும் வாயுத் தண்டான கேஸ் ஸ்ட்ரட் பழுதானால் ஜோடியாக மாற்றுங்கள். அதன் உடலிலேயே தள்ளும் விசை நியூட்டன் அளவில் அச்சிட்டிருக்கும், அதே அளவுதான் வேண்டும். பலம் கூடியதைப் போட்டால் கீல்தான் வளையும்.

என் வண்டியில் பின்சக்கரத்துக்கு அடுத்த கதவு மட்டும் இன்னும் அடிக்கடி கவனிப்பு கேட்கிறது. சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் நேராக அந்த லாட்சில்தான் போய் விழுகின்றன. மற்றவற்றைவிட இரண்டு மடங்கு அடிக்கடி அதைத் துடைத்து கிரீஸ் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு ரப்பர் மறைப்பு மாட்டியிருக்கிறேன். ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிய பிறகுதான் அது பலன் தருகிறதா என்று சொல்ல முடியும்.