நியூயார்க்கில் வாடகை வீடு: புதுப் பெயின்ட்டை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

நியூயார்க் நகரத்தில் வாடகைக்கு வருபவர்களை ஏமாற்ற வசதியான காலம் கோடைதான். படிக்கவோ வேலைக்கோ புதிதாக வருபவர்கள் ஆகஸ்டில் அவசர அவசரமாக வீடு தேடுவார்கள். காட்டப்படும் வீட்டில் சுவரெல்லாம் பளிச்சென்று வெள்ளை. பாத்ரூம் சீலிங்கில் பெயின்ட் வாசம்கூட இன்னும் போயிருக்காது. குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் வேலை செய்கிறதா என்று அந்த வெயிலில் யாருக்கும் கேட்கத் தோன்றாது. "இன்னும் ரெண்டு பேர் பார்த்துட்டுப் போயிருக்காங்க, இன்னிக்கே முடிச்சிடுங்க" என்பார் புரோக்கர். பணம் கைமாறும். அக்டோபர் மழையில் சீலிங்கில் மஞ்சள் கறை படரும், நவம்பரில் ஹீட் வராது. அப்புறம் தேடிப் பார்த்தால், அதே சீலிங் ஒழுகுகிறது என்று அதே வீட்டு எண்ணைப் போட்டு நகர இன்ஸ்பெக்டர் எப்போதோ எழுதிவைத்திருப்பார். வீடு பார்க்கப் போன அன்றும் அந்தப் பதிவு அங்கேதான் இருந்தது. பார்க்கச் சொல்ல ஆளில்லை.

அந்தப் பதிவை வைத்திருப்பது நகரத்தின் வீட்டுவசதித் துறையான எச்பிடி. 'எச்பிடி ஆன்லைன்' தளத்தில் முகவரியைப் போட்டால் போதும். காசு வேண்டாம், ஓனரின் அனுமதியும் வேண்டாம். முகவரி போடும்போதே ஒரு சிக்கல் வரலாம். நகரத்தின் ஒரு பகுதியான குயின்ஸில் வீட்டு எண்ணுக்கு நடுவே கோடு இருக்கும், அதை விடாமல் போட வேண்டும். மூலைக் கட்டடம் என்றால் இரண்டு தெருவிலும் முகவரி இருக்கும். விளம்பரத்தில் ஒன்று, பதிவில் இன்னொன்று என்றிருந்தால் எதுவுமே வராது, சுத்தமான கட்டடம் என்று நினைத்துவிடுவோம். அப்படி வெறுமையாக வந்தால் பிளாக் எண், லாட் எண் கொண்டு தேடுங்கள். மனைக்கு அந்த எண் ஒன்றுதான், தெரு மாறினாலும் மாறாது.

இன்ஸ்பெக்டர் எழுதும் விதிமீறல்களுக்கு மூன்று வகுப்பு. 'ஏ' என்றால் ஆபத்தில்லாதது, சரிசெய்ய 90 நாள். 'பி' ஆபத்தானது, 30 நாள். 'சி' உடனடி ஆபத்து: ஹீட் இல்லை, சுடுதண்ணீர் இல்லை, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் ஈயப் பெயின்ட், எலி, பரவிய பூஞ்சை போன்றவை. பலவற்றுக்கு 24 மணி நேரம்தான் கெடு, ஈயப் பெயின்ட் போன்ற சிலவற்றுக்குக் கூடுதல். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். 200 வீடு உள்ள கட்டடத்தில் 40 விதிமீறல் இருப்பது வேறு, 6 வீடு உள்ள கட்டடத்தில் 40 இருப்பது வேறு. வீட்டுக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். அதில் 'சி' எத்தனை, எந்தத் தேதியில் எழுதியது என்பதுதான் கணக்கு. இரண்டு மூன்று வருடமாகச் சரிசெய்யாமல் திறந்தே கிடக்கும் 'சி' ஒன்று இருந்தாலும் அந்த ஓனர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

அடுத்து ஒவ்வொன்றின் விவரத்தையும் படியுங்கள். இன்ஸ்பெக்டர்கள் சுருக்கமாகத்தான் எழுதுவார்கள்: எந்தச் சட்டப் பிரிவு, என்ன பழுது, எந்த அறை, எந்த வீடு, எந்த மாடி. உதாரணமாக '5சி வீட்டு பாத்ரூமில் தண்ணீர்க் கசிவு' என்றிருக்கிறது, உங்களுக்குக் காட்டியது 3சி என்று வைத்துக்கொள்வோம். சம்பந்தமில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான கட்டடங்களில் ஒரே எழுத்துள்ள வீடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும், தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் அதே வரிசையில்தான் இறங்கும். 5சி, 4சி இரண்டிலும் கசிவு எழுதப்பட்டிருந்தால் 3சியின் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இனி பலரும் ஏமாறும் இடத்துக்கு வருவோம். பதிவில் மூடப்பட்ட விதிமீறல் எல்லாம் சரிசெய்யப்பட்டது என்று நம்பக் கூடாது. "சரிசெய்துவிட்டேன்" என்று ஓனரே சான்றளித்து எச்பிடிக்கு அனுப்பலாம். சான்று போய்ச் சேர்ந்து 70 நாளுக்குள் இன்னும் சரியாகவில்லை என்று மறுசோதனையில் தெரியவராவிட்டால் சரியானதாகவே கருதப்படும். பொய்ச் சான்று கொடுத்தால் அபராதம் உண்டு, ஆனாலும் நடக்கிறது. அதனால் மூடியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நகரத்தின் திறந்த தரவுத் தளத்தில் மூடியவையும் பட்டியலாகவே கிடைக்கும். ஒரே சுவர், ஒரே பழுது, வருடா வருடம் எழுதுவதும் மூடுவதுமாக இருந்தால் அங்கே பூச்சு வேலை மட்டும் நடக்கிறது, குழாயை யாரும் தொடவில்லை என்று பொருள்.

புகார்களும் தனிப் பட்டியலாக இருக்கும். வாடகைதாரர் நகரத்தின் உதவி எண்ணான 311-க்குச் சொன்னது புகார், இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து எழுதியது விதிமீறல். ஹீட் விஷயத்தில் மட்டும் புகார்ப் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். இன்ஸ்பெக்டர் வருவதற்குள் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரை ஓனர் போட்டுவிட்டால் விதிமீறல் பதிவாகாது. குளிர்காலம்தோறும் ஹீட் புகார் குவிந்து, விதிமீறல் மட்டும் குறைவாக இருந்தால் அந்தப் பாய்லரை நம்பாதீர்கள். சட்டப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரை ஹீட் கொடுத்தாக வேண்டும். பகலில், காலை 6 முதல் இரவு 10 வரை, வெளியே 55 டிகிரிக்குக் கீழே போனால் வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி. இரவில் எப்போதும் குறைந்தது 62. எல்லாம் பாரன்ஹீட்.

தானாக மூடிக்கொள்ளும் கதவைப் பற்றி ஒரு விதிமீறல் இருந்தால் அலட்சியமாகத் தாண்டிப் போகாதீர்கள். 2022 ஜனவரி 9 அன்று பிராங்ஸில் ட்வின் பார்க்ஸ் குடியிருப்பில் ஒரு மின்சார ஹீட்டரில் தீப்பிடித்தது. வீட்டுக் கதவும் மாடிப்படிக் கதவும் மூடிக்கொள்ளாததால் புகை மேல்மாடிகளுக்குப் பரவி 17 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் குழந்தைகள். வீடு பார்க்கப் போகும்போது வாசல் கதவை அகலத் திறந்து கையை விடுங்கள். அதுவாகவே வந்து தாழ்நாக்கு விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். மாடிப்படிக் கதவையும் அப்படியே பாருங்கள். ஒரு நிமிட வேலை, தயவுசெய்து செய்யுங்கள்.

குயின்ஸில் மலிவாகக் கிடைக்கும் பேஸ்மென்ட் வீடுகளுக்குப் பெரும்பாலும் எச்பிடியில் ஒரு வரிகூட இருக்காது. காரணம், அப்படியொரு வீடு இருப்பதே நகரத்துக்குத் தெரியாது. அங்கே பார்க்க வேண்டியது கட்டடத் துறையின் பதிவில் உள்ள குடியிருப்புச் சான்றிதழ். எந்தத் தளத்தில் எத்தனை வீடு என்று அதில் இருக்கும். 1938-க்கு முந்திய கட்டடங்களில் சிலவற்றுக்குச் சான்றிதழே இருக்காது, அப்போது கட்டடத் துறை தந்த ஆட்சேபணையின்மைக் கடிதத்தைக் கேளுங்கள். பாதி உயரத்துக்கு மேல் தரைக்குக் கீழே இருந்தால் அது பேஸ்மென்ட் அல்ல, செல்லார். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயல் மழையில் நகரத்தில் இறந்த 13 பேரில் 11 பேர் இப்படிக் கீழ்த்தள வீடுகளில்தான் இறந்தார்கள்.

ஓனர் யார் என்பதையும் விடாதீர்கள். எச்பிடி பதிவில் ஓனர் கம்பெனி, நிர்வாக ஏஜென்ட் பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் கம்பெனிப் பெயர் வைப்பது இங்கே சகஜம். வாடகைதாரர்களுக்கு உதவும் ஜஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பின் 'ஹூ ஓன்ஸ் வாட்' தளத்தில் முகவரியைப் போட்டால் அதே ஆட்களோடு தொடர்புள்ள மற்றக் கட்டடங்களும் வரும். அவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

பணம் கொடுக்கும் இடத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான். டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. விண்ணப்பத்துக்குப் பின்னணிச் சோதனை என்று 20 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. 2025 ஜூன் 11 முதல் புரோக்கரை யார் அமர்த்தினாரோ அவர்தான் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். கட்டடத்தில் கடந்த ஒரு வருடத்தில் மூட்டைப்பூச்சி வந்ததா என்பதை லீஸோடு எழுத்தில் தர வேண்டியது ஓனரின் கடமை. "குடிவந்ததும் சரிசெய்து தருகிறோம்" என்று சொன்னால், என்ன வேலை, எந்தத் தேதிக்குள் என்று லீஸில் இணைப்பாக எழுதி வாங்குங்கள். "உள்ளது உள்ளபடி" என்று லீஸில் எழுதியிருந்தாலும் குடியிருக்கத் தகுந்த வீடு தரும் பொறுப்பிலிருந்து ஓனர் தப்ப முடியாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வாடகையை நிறுத்துவதில் அவசரப்படாதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஹீட் இல்லையென்றால் தெர்மாமீட்டரை நேரம் தெரியும்படி போட்டோ எடுங்கள், ஒவ்வொரு முறையும் 311-க்குச் சொல்லி புகார் எண்ணைக் குறித்துவையுங்கள், இன்ஸ்பெக்டர் வரும்போது வீட்டில் ஆள் இருக்கட்டும். ஆளில்லாமல் திரும்பிப் போனால் எழுத எதுவும் இருக்காது. அதன்பிறகும் ஓனர் அசையாவிட்டால் பழுதைச் சரிசெய்ய ஓனருக்கு உத்தரவிடக் கேட்டு வீட்டுவசதி நீதிமன்றத்தில் 'எச்பி' வழக்குப் போடலாம். கட்டணம் 45 டாலர், கட்ட முடியாதவர்கள் தள்ளுபடி கேட்கலாம். வக்கீல் இல்லாமலே போடலாம்.