அல்பாகா காணொலியைக் காட்டி விற்ற காவல் நாய்: ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வந்து போகும் நண்பர்கள் சிலருக்கு இது ஏற்கெனவே தெரிந்த செய்திதான். ஆனால் சென்ற வாரம் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், என்னிடம் காட்டப்பட்ட அதே காணொலியை எனக்கே அனுப்பி, "இந்த நாயை வாங்கலாமா?" என்று கேட்டார். அதனால் நடந்ததை ஒளிக்காமல் எழுதி வைக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் விற்றவரின் பெயரையும் ஊரையும் குறிப்பிடவில்லை.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் எனக்கு 46 சென்னைச் சிவப்புச் செம்மறிகளும் 15 வெள்ளாடுகளும் இருந்தன. ஐப்பசி மாதத்து மழை இரவொன்றில் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஏழு ஆடுகளைக் கடித்துக் குதறிவிட்டது. சிறுத்தை வந்தால் வனத்துறைக்காரர்கள் வருவார்கள், செய்தித்தாளிலும் வரும். தெருநாய் கடித்த ஆட்டுக்குக் கேட்பார் கிடையாது. அந்த ஆற்றாமையில்தான் நல்ல காவல் நாய் வேண்டும் என்று தேடத் தொடங்கினேன். ஆத்திரத்தில் தேடுகிறவனை வியாபாரி எளிதில் மோப்பம் பிடித்துவிடுகிறான் என்பதை இப்போது உணர்கிறேன்.

வாட்ஸ்அப் குழு ஒன்றின் வழியாக அறிமுகமான அந்த நபர் முதலில் அனுப்பியது ஒரு காணொலி. பனி படிந்த மலை, நீண்ட கம்பி வேலி, நடுவில் கழுத்து நீண்ட அல்பாகாக் கூட்டம், அவற்றுக்கிடையே சாவதானமாகப் படுத்திருக்கும் பெரிய வெள்ளை நாய். அல்பாகா என்பது ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, பெரு, பொலிவியா முதலிய நாடுகளின் ஆண்டிஸ் மலைப் பகுதிகளில் கம்பளி முடிக்காக வளர்க்கப்படும் பிராணி. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதை வளர்ப்பவர்கள் கிரேட் பிரனீஸ், மாரெம்மா போன்ற ஐரோப்பியக் காவல் இன நாய்களைப் பட்டியில் விட்டு வளர்ப்பது உண்மைதான். காணொலியில் பொய் இல்லை. அந்த நாய்க்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதுதான் சிக்கல்.

"சார், அல்பாகாவையே காக்கிற ரத்தம் சார் இது. பதினாலு மாசம், ட்ரெயினிங் எல்லாம் முடிஞ்சிருச்சு. அவுத்து விட்டாப் போதும்" என்றார். துருக்கியின் ஆட்டுக் காவல் இனமான காங்கல் நாய் கிடைக்குமா என்று நான் கேட்டதற்கு, அதை அரசாங்கம் தடை செய்துவிட்டது, அதற்கு இணையான கடைசி நாய் இதுதான் என்று அவசரப்படுத்தினார். 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையில் காங்கல், அக்பாஷ் உள்ளிட்ட 23 வகை நாய்களின் பெயர்கள் இருந்ததும், அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தன. பாதி உண்மையைச் சொல்லி விலையை ஏற்றும் வித்தை அவருக்கு நன்றாகக் கைவந்திருந்தது.

பெரிய நாய்க்கு 48,000 ரூபாய், அதனுடன் "ஒன்பது வாரக் குட்டி" என்று சொல்லித் தள்ளிவிட்ட இன்னொன்றுக்கு 18,000 ரூபாய், ஆக மொத்தம் 66,000 ரூபாய். வளர்க்கும் இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றபோது, வெளியாள் வந்தால் குட்டிகளுக்கு நோய் தொற்றும் என்று மறுத்துவிட்டார். 20,000 ரூபாயைக் கைப்பேசி வழியாக அனுப்பினேன். மீதியை இரவு பதினொரு மணிக்குப் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி அருகே, ஒரு காரின் பின்கதவைத் திறந்து நாய்களை இறக்கிய ஆளிடம் ரொக்கமாகக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, காலையில் அனுப்புவதாகச் சொன்னார்கள். நாற்பத்தாறாயிரம் ரூபாயை இருட்டில் எண்ணிக் கொடுத்த அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

குட்டி இரண்டாம் நாளே சோர்ந்து, வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகி, ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோய் என்றார் கால்நடை மருத்துவர். தொற்றிய பின் அறிகுறி தெரியப் பொதுவாகச் சில நாள்கள் ஆகும் என்பதால், நோயுடன்தான் அது என்னிடம் வந்திருக்கிறது. விற்றவர் கொடுத்த தடுப்பூசி அட்டையை மருத்துவரிடம் காட்டியபோது சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் விழித்தார். வழக்கமாக மூன்று மாத வயதில் போடும் வெறிநோய்த் தடுப்பூசியை ஆறு வாரத்திலேயே போட்டதாக எழுதியிருந்தது. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் சீட்டு ஒன்றுகூட இல்லை. மருத்துவரின் முத்திரையில் பதிவு எண்ணும் இல்லை.

பெரிய நாயையும் அவர் அன்றே பரிசோதித்தார். கிரேட் பிரனீஸ் இனத்துக்குப் பின்னங்கால் ஒவ்வொன்றிலும் உட்பக்கத்தில் இரண்டு கூடுதல் விரல்கள் இருப்பது அதன் இனக்குறி. இதற்கு ஒன்றுகூட இல்லை. விற்றவர் சொன்ன மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு, எந்த இடத்தில் தேடியும் கருவியில் தென்படவில்லை. லாப்ரடார் கலப்பாக இருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

இனம் பொய்யானதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னை உண்மையில் அழித்தது "பயிற்சி முடிந்தது" என்ற இரண்டு சொற்கள். பட்டிக்கு வெளியே கட்டியிருந்த நாய், தலையைத் தாழ்த்தி, உடலை விறைத்து, அசையாமல் ஆடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு விழிப்பான நாய் என்று நான் பெருமைப்பட்டேன். என்னிடம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது காவல் காக்கல சார், குறி பாக்குது" என்றார். நான் கேட்கவில்லை. பதினோராம் நாள் இரவு பட்டிக்குள் அவிழ்த்து விட்டேன். விடியும்போது இரண்டு ஆட்டுக்குட்டிகள் இறந்து கிடந்தன. சினைச் செம்மறி ஒன்றின் பின்தொடை கிழிந்திருந்தது, அதுவும் மூன்று நாளில் போய்விட்டது. எதையும் நாய் தின்றிருக்கவில்லை. ஓடியதைத் துரத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதன் பிறகு படித்தும், விவரம் அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை, நாய் வாங்கும் முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மந்தையை ஓட்டும் நாயும் மந்தையைக் காக்கும் நாயும் ஒன்றல்ல. ஓட்டும் நாய்க்கு உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் வேலை. காக்கும் நாயிடம் அந்தக் குணங்கள் தலைகாட்டவே கூடாது. காக்கும் நாய் ஆடுகளிடையே மெதுவாக நடக்கும், அவை முறைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அவற்றின் வாயருகே முகர்ந்துவிட்டுப் பக்கத்திலேயே படுக்கும், அந்நிய வாடை வந்தால் எழுந்து நடுவில் நின்று குரைக்கும். உட்கார், வா, போ என்று கட்டளை கற்பிப்பதால் இது வருவதில்லை. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மாதம் வரைக்குமான பருவத்தில் எந்தப் பிராணியின் மணத்திலும் சூட்டிலும் குட்டி வளர்கிறதோ, அதையே தன் கூட்டமாக ஏற்றுக்கொள்கிறது. நமீபியாவில் 1994 முதல் சிவிங்கிப்புலிகளிடமிருந்து ஆடுகளைக் காக்க அனடோலியன் நாய்களை விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். அங்கும் குட்டியாகவே கொடுத்து, அந்தந்த மந்தையுடனேயே வளர்க்கச் செய்கிறார்கள். ஆகவே அந்த வெள்ளை நாய் உண்மையிலேயே அல்பாகாக்களுடன் வளர்ந்ததாக இருந்திருந்தாலும், ஜவ்வாது மலை அடிவாரத்துச் செம்மறியைக் கண்டவுடன் தன் கூட்டம் என்று எண்ணியிருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. என்னிடம் வந்ததோ, ஏதோ மாடிக் கூண்டில் வளர்ந்த நாய்.

இன்னொன்று: நல்ல காவல் இனத்து நாயே ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை விளையாட்டுப் புத்தியில் காதைக் கடிக்கும், கம்பளியைப் பிடித்து இழுக்கும், குட்டிகளைத் துரத்தும். இரண்டு வயதை ஒட்டித்தான் பக்குவப்படும். பதினான்கு மாத நாயை யாராவது பயிற்சி முடிந்தது என்று விற்றால், அந்த ஒரு வாக்கியத்திலேயே பொய் தெரிந்துவிடுகிறது.

வெயிலைப் பற்றி விற்றவரும் பேசவில்லை, நானும் யோசிக்கவில்லை. சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் அந்த அடர்முடி நாய் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை தண்ணீர்த் தொட்டியின் அடியை விட்டு நகரவில்லை. மேய்ச்சலுக்குப் பின்னால் நடப்பது பற்றிப் பேசவே வேண்டாம். நாயின் மீது குற்றமில்லை. காட்பாடியில் சுற்றுச்சுவர் வைத்த வீட்டில் இருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். அங்கே குழந்தைகளுடன் சுகமாக இருக்கிறது.

விற்றவரிடம் பேசியபோது, "நீங்க சரியா ஹேண்டில் பண்ணல சார்" என்றார். மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தபின், வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. நம் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். ஆனால் என் கையில் உள்ள ஆதாரம் அந்த 20,000 ரூபாய் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் மருத்துவரின் சான்றும் மட்டும்தான். பணம் போய்ச் சேர்ந்த கணக்கோ வேறொருவர் பெயரில் இருக்கிறது. ரொக்கத்துக்குச் சாட்சி அந்தச் சுங்கச்சாவடி விளக்கு மட்டுமே. நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017ஆம் ஆண்டு விதிகளின்படி இவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை முதல் நாளே கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

இப்போது பெரியவரின் வீட்டுப் பட்டியிலேயே பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை, எட்டு வாரம் முடிந்ததும் வாங்கி வளர்த்து வருகிறேன். பட்டியின் ஒரு மூலையில் மூங்கில் தட்டி கட்டி, குட்டி மட்டும் நுழையும் அளவுக்குச் சந்து விட்டு, சாதுவான இரண்டு தாய் ஆடுகளுடன் விட்டோம். சோறும் அங்கேதான், உறக்கமும் அங்கேதான். வீட்டு வாசலுக்கு அழைத்துக் கொஞ்சுவதில்லை, பேரப்பிள்ளைகளுக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு. துரத்த எழுந்தால் அந்தக் கணமே அதட்டுகிறோம். அறுத்த ஆட்டின் தலையையோ குடலையோ பச்சையாகப் போடுவதில்லை. நாயின் வயிற்று நாடாப்புழு முட்டை மேய்ச்சல் வழியாக ஆட்டுக்குள் போய், அதன் இளம்புழு மூளையில் தங்கிச் சுற்றல் நோய் தரும் என்பதால், மருத்துவர் சொன்ன முறைப்படி குடற்புழு நீக்க மருந்தும் கொடுக்கிறோம். ஏழு மாதம் ஆகிறது. ஆடு குட்டி போடும் இரவுகளில் இன்னும் அதைத் தனியே விடுவதில்லை. சென்ற மாதம் தெருநாய்கள் வேலியோரம் வந்தபோது, ஆடுகளுக்கு நடுவில் நின்று நான் விளக்கோடு போகும் வரை குரைத்தது. இன்னும் ஒரு வருடம் போகட்டும், பார்க்கலாம்.

அணைக்கட்டு நண்பருக்கு ஒன்றே ஒன்று சொன்னேன்: பகல் வெளிச்சத்தில், ஆடுகளுக்கு நடுவே அந்த நாயை நிறுத்தி, பின்னங்காலை அருகில் காட்டி, நேரலைக் காணொலி அழைப்பில் வரச் சொல்லுங்கள் என்று. அவர் அப்படியே கேட்டிருக்கிறார். இணைய இணைப்பு சரியில்லை, மாலையில் அழைக்கிறேன் என்று பதில் வந்ததாம். நான்கு மாலைகள் கடந்துவிட்டன.